ஓர்சே தீவில் தோற்றவர் போட்ட சாப்பாடு

தல்மீரா நாட்டில் கால்பந்து ஆட்டம் முடிந்ததும் நடுவருக்குச் சாப்பாடு போட வேண்டியது தோற்ற அணி. ஜெயித்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போய்விடுவார்கள். தோற்ற அணியின் கேப்டன் தன் கையால் ஒரு தட்டைக் கொண்டுவந்து நடுவர் முன்னால் வைப்பார். வைத்துவிட்டால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டோம் என்று பொருள். நடுவர் அதைச் சாப்பிட்டால் தன் தீர்ப்பில் அவருக்குச் சந்தேகமில்லை என்று பொருள். தட்டு வராவிட்டாலும் சரி, வந்த தட்டை நடுவர் தொடாவிட்டாலும் சரி, அந்த ஆட்டம் செல்லாது. திரும்ப ஆட வேண்டும்.

இதை முதலில் கேட்டபோது நானும் தனசேகர் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலும் தோற்றவர்கள் நடுவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஒலக்கூர்ப் பக்கம் ஒரு டோர்னமெண்டில் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதினால் அச்சேறாது.

என் பெயர் பத்மாவதி. திண்டிவனத்தில் தம்பியோடு சேர்ந்து மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம், நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புச் சட்டையும் விசிலும். நடுவர் தேர்வுகளை எல்லாம் எழுதித் தேறியவள்தான். ஆனாலும் விழுப்புரத்தில் பெரிய ஆட்டம் என்றால் என் கையில் கொடியைக் கொடுத்து ஓரத்தில் ஓட விடுவார்கள். இல்லாவிட்டால் ஆள் மாற்றும் பலகையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். "ஆம்பளைங்க ஆட்டம்மா, நடுவுல நின்னு இன்னாத்துக்கு வாங்கிக் கட்டிக்கினு?" என்று அக்கறையோடு கேட்பார்கள். அந்த அக்கறையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தனசேகர் அண்ணன் முகையூர்க்காரர். கரும்பு விவசாயி, துணை நடுவர். கொடியைத் தூக்கினால் தூக்கியதுதான். அடிக்கவே வந்தாலும் இறக்க மாட்டார். நடுவர்களை நாடு மாற்றி அனுப்பும் ஓர் ஏற்பாட்டில் எங்கள் இருவர் பெயரும் வந்தது. விசா வாங்கிய கதை அலுப்பானது, விட்டுவிடுகிறேன். விமானம் ஏறும்போதே மனதில் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். தல்மீராவின் உச்ச லீகில் ஓர் ஆட்டத்துக்காவது நடுவில் நின்று விசில் ஊதாமல் ஊர் திரும்புவதில்லை.

அந்த லீகின் பெயருக்கு அவர்கள் மொழியில் 'முதல் படி' என்று அர்த்தம். அங்கே யாரும் கிரிக்கெட் பேசுவதில்லை, மழை பேசுவதில்லை. தலைநகர் பெல்ஸ்காவில் நாங்கள் இறங்கிய அன்று டிராமில் எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் எங்கள் பையில் தொங்கிய விசிலைப் பார்த்துவிட்டு, போன வாரம் தன் அணிக்குக் கொடுக்காமல் விட்ட பெனால்டியைப் பற்றி எங்களிடமே நியாயம் கேட்டார். அவருக்குப் பதில் சொன்ன மும்முரத்தில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டோம். வட்டமாக ஓடும் டிராம்தானே, திரும்பி வந்துவிடும் என்றார் அண்ணன். வந்தது. ஏறிய இடத்துக்கே வந்து நின்றது.

சாப்பாடுதான் பெரும்பாடு. என் குடும்பம் சமணக் குடும்பம். செஞ்சி, திண்டிவனம் பக்கம் நயினார் என்பார்கள். மீன், மாமிசம் கிடையாது. பொழுது சாய்ந்து சூரியன் கண்ணுக்கு மறைந்தால் சாப்பாடே கிடையாது. தல்மீராவிலோ விளக்கேற்றிய பிறகுதான் அடுப்பையே மூட்டுகிறார்கள். மூட்டிய அடுப்பில் ஏறுவதெல்லாம் மீன். ரொட்டிக்குள் மீன், சூப்புக்குள் மீன், முட்டைக்கோசை ஆசையோடு பிரித்தால் அதற்குள்ளும் மீன். நான் ரொட்டியும் வெண்ணெயும் வீட்டிலிருந்து கொண்டுபோன மல்லாட்டை உருண்டையுமாகக் காலம் தள்ளினேன்.

அண்ணனுக்கு அது சொர்க்கம். "நம்மூருப் பக்கம் பொம்மையார்பாளையம் கடல்ல புடிச்ச கையோட வறுத்துக் குடுத்தாக்கூட இந்த டேஸ்ட் வராதும்மா," என்று முள்ளை எடுத்துக்கொண்டே சொல்வார். பிறகு என் தட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணிப்பார்.

முதல் சனிக்கிழமை எனக்குக் கொடிதான் கிடைத்தது. கடல் கடந்து வந்தும் கொடி. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் ஒரு மேஜையைப் போட்டார்கள். மூன்று கோல் வாங்கித் தோற்ற கேப்டன் கண்கள் சிவக்க ஒரு தட்டு மீன் குழம்பைக் கொண்டுவந்து வைத்தார். நடுவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டார். அதுவரை அவரைத் திட்டித் தீர்த்த கூட்டம், அவர் கடைசிக் கவளத்தை விழுங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போனது. அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

செவ்வாயன்று லீக் அலுவலகத்தில் ஹால்டா அம்மாளைப் பார்த்தேன். நடுவர்களைப் பங்கிட்டு அனுப்புபவர் அவர்தான். சீசனின் கடைசிச் சனிக்கிழமைக்கு ஓர்சே தீவுக்குப் போக ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். உள்ளூர் நடுவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மச்சான் கல்யாணம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓர்சே அணி அன்று டிராவாவது செய்ய வேண்டும். தோற்றால் முதல் படியிலிருந்து கீழே இறங்கிவிடும். முதல் படியில் ஆடும் தீவுகளுக்குத்தான் அரசாங்கம் சனிக்கிழமைக் கப்பல் விடுகிறது. அணி இறங்கினால் கப்பலும் நின்றுவிடும். அந்தப் பாவத்தைத் தலையில் போட்டுக்கொள்ள யார் போவார்கள்?

"நான் போறேன்," என்றேன்.

ஹால்டா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது. "அவங்க தோத்தா அவங்க கையால நீ சாப்பிட்டாகணும். உனக்கு அந்தத் தைரியம் இருக்குதா?"

"மீன் இல்லாம குடுத்தா சாப்பிடுவேன். சூரியன் இருக்கும்போதே குடுத்தா சாப்பிடுவேன். மத்தபடி எனக்குப் பயமில்லைங்க."

அவர் சிரிக்கவில்லை. ஓர்சே கேப்டனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, எனக்குக் கப்பல் சீட்டைக் கொடுத்தார்.

அன்று மாலை மண்டியிலிருந்து தம்பி அப்பாண்டைராஜ் பேசினான். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாத்துக்குக்கா இந்தப் பேஜாரு? கொடியப் புடிச்சமா, ஊரச் சுத்திப் பாத்தமான்னு ஜல்தி வந்து சேர வேணாமா? தீவுன்னு வேற சொல்ற. எதுனா ஒண்ணுன்னா ஓடிவர்றதுக்குப் பஸ்ஸாச்சும் இருக்குதா?"

"இல்லடா. அதனாலதான் ஓடாம நிப்பேன்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கப்பலில் ஒரு விசேஷம் உண்டு. தீவுக்கு ஒரே கப்பல் என்பதால் எதிரணி, நடுவர்கள், ரசிகர்கள், கோழிக் கூண்டு, தபால் மூட்டை எல்லாம் அதில்தான். திண்டிவனம் ஷேர் ஆட்டோவில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்ட கையோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்த நெருக்கம்தான். அலை தூக்கிப் போட்டதில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. எதிரணியான பெல்ஸ்காவின் கோல்கீப்பர் என் தலையைப் பிடித்துக்கொண்டு, இஞ்சி மிட்டாய் கொடுத்தார். தனசேகர் அண்ணன் அதைப் பிடுங்காத குறையாகத் தடுத்தார்.

"ஒரு டீம் குடுக்கறத வாங்காதம்மா. அப்பறம் பேச்சாயிடும்."

"வாந்தி வருதுண்ணே."

"வரட்டும். நியாயமா வரட்டும்."

ஓர்சே துறையில் எங்களை அழைத்துப் போக அந்த அணியின் கேப்டன் மிர்கோவே வந்திருந்தார். படகு எஞ்சின் மெக்கானிக். நகத்திடுக்கெல்லாம் கிரீஸ். பக்கத்தில் பத்து வயது மதிக்கத்தக்க பெண், பெயர் லீனா. தீவில் சின்ன வகுப்புகளுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லையாம். பிள்ளைகள் பெல்ஸ்காவில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். சனிக்கிழமை வந்து, திங்கட்கிழமைச் சரக்குப் படகில் திரும்புவார்கள். இந்த வாரம் மட்டும் திங்கட்கிழமை காலையில் பரீட்சை என்பதால், தற்செயலாகக் கிடைத்த ஒரு மீன்படகில் வெள்ளிக்கிழமையே வந்தவர்கள் சனிக்கிழமைக் கப்பலிலேயே திரும்ப வேண்டும்.

"கப்பல் நின்னுட்டா இவளப் பள்ளிக்கூட லீவுக்குத்தான் பாக்க முடியும்," என்றார் மிர்கோ, உடைந்த ஆங்கிலத்தில். என்னை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, வழியில் தெரிந்த தேவாலயத்தையும் கடையையும் காட்டிய அதே குரலில் சொன்னார். எனக்குத்தான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மைதானம் ஒரு குன்றின் அடிவாரத்தில் இருந்தது. மேற்கே குன்று, கிழக்கே கடல். பந்து கடலுக்குள் போனால் எடுத்துவர ஒரு படகு தயாராக நின்றது. தீவே அங்கே திரண்டிருந்தது. காசு சுண்டிப் போட்டுவிட்டு விசிலை வாயில் வைத்தபோது, விழுப்புரத்தில் எனக்குப் பலகை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். ஊதினேன்.

நன்றாகவே நடத்தினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. முதல் பாதியில் பெல்ஸ்கா ஒரு கோல் போட்டது, சுத்தமான கோல். இரண்டாம் பாதி முழுக்க ஓர்சே முட்டி மோதியது. இரண்டு பேருக்கு மஞ்சள் அட்டை காட்டினேன், அணிக்கு ஒருவர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர். பந்து உயர வந்தது. கூட்டத்துக்கு நடுவில் மிர்கோ எழும்பினார். பந்து வலைக்குள் போனது. தீவே கத்தியது. தொப்பிகள் பறந்தன. லீனா கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டாள்.

பந்து பட்டது மிர்கோவின் தலையில் இல்லை. முழங்கைக்குக் கீழே பட்டது. எனக்கும் அதற்கும் நடுவே மறைப்பு எதுவும் இல்லை. அண்ணன் நின்ற பக்கம் ஆட்கள் மறைத்துவிட்டதால் அவருக்குத் தெரியவில்லை. ஆக, இந்த உலகத்தில் அதைப் பார்த்தது நானும் மிர்கோவும்தான். ஊதாமல் விட்டிருந்தால் ஒருவரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். கோல் இல்லை என்று ஊதினேன், என் கையைத் தட்டிக் காட்டினேன்.

அந்தக் கூச்சல் அடங்கவே நேரமாயிற்று. ஆட்டமும் அப்படியே முடிந்தது. நடுவில் மேஜையைப் போட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே, ஆட்டத்தைக் கண்காணிக்க எங்களோடு அதே கப்பலில் வந்திருந்த ஹால்டா அம்மாள். பின்னால் அண்ணன், கொடியைச் சுருட்டிக்கூட வைக்காமல் நின்றார். சுற்றிலும் கூட்டம். மிர்கோவைக் காணோம்.

தட்டு வரவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கிளப் சமையலறைப் பக்கம் ஆட்கள் ஓடுவதும் வருவதுமாக இருந்தார்கள். சிலர் ஊருக்குள் ஓடினார்கள். ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். தட்டு வராவிட்டால் மறு ஆட்டம்; அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. என் முதல் விசில் செல்லாத விசிலாகிவிடும். ஊரில் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

குன்றின் நிழல் மைதானத்தில் இறங்கி, மேஜையைத் தொட்டு, கடல்வரை போய்விட்டது. இப்போது தட்டே வந்தாலும் நான் சாப்பிட முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹால்டா குனிந்து என் காதில் சொன்னார்: "ஒரு வாய் போதும். உங்க ஊர்ல யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேங்க," என்றேன்.

"இன்னாம்மா நீ," என்றார் அண்ணன், அழாத குறையாக. "அவங்க குடுக்கலன்னாலும் போச்சு, நீ துன்னலன்னாலும் போச்சு. சாமி கண்ண மூடிக்கும்மா."

"கை பட்டதுக்குக் கண்ண மூடல. இதுக்கு மட்டும் மூடுவேனா? எழுந்திரிக்க மாட்டேண்ணே. கப்பல் போனாலும் சரி."

கப்பல் முதல் சங்கு ஊதியது. அப்போதுதான் மிர்கோ வந்தார், இன்னும் ஆட்டச் சட்டையோடு, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. தட்டில் அவித்த மொச்சையும் உருளைக்கிழங்கும், ஆவி பறக்க.

"மன்னிச்சுக்குங்க. பாத்திரம் கிடைக்கல," என்றார். அண்ணனைக் கை காட்டினார். "மீன் பட்ட பாத்திரத்துல செஞ்சா நீங்க தொடவே மாட்டீங்கன்னு காலையில இவர் சொன்னாரு. இந்தத் தீவுல மீன் வேகாத பாத்திரம் ஏது? வீடு வீடாக் கேட்டோம். கடைசியா ஒரு வீட்டுல கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சற பாத்திரம் இருந்துச்சு."

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். பாத்திரத்தைப் பற்றி நான் யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. கழுவிக் கொடுத்தால் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன்.

"உங்க வூட்ல அப்படித்தானம்மா? மண்டிக்கு வந்தா எனக்குத் தனி டம்ளர்தானே குடுப்பீங்க," என்றார் அவர், தலையைச் சொறிந்தபடி.

மிர்கோவிடம் உள்ளதைச் சொன்னேன். சூரியன் கண்ணில் படும்வரைதான் சாப்பிடலாம். குன்றுக்குப் பின்னால் போய்விட்டதே, இனி எப்படி? ஹால்டா அதை அவர்கள் மொழியில் உரக்கச் சொன்னதும் கூட்டம் சலசலத்தது. சலசலப்பு மெல்ல உற்சாகமாக மாறியது. சும்மா நின்றாலே போதும், மறு ஆட்டம் கிடைத்துவிடும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. "விடுடா மிர்கோ! இருட்டட்டும்!" என்று ஒருவன் கத்தினான். அர்த்தத்தை ஹால்டா எனக்குச் சொன்னார்.

மிர்கோ தட்டைக் கீழே வைக்கவில்லை. குன்றை நிமிர்ந்து பார்த்தார். உச்சியில் புல்லின் மேல் மஞ்சள் வெயில் இன்னும் இருந்தது.

"ஏறுங்க," என்றார்.

ஆடு மேயும் தடம், செங்குத்து. அவர் தட்டோடு முன்னால், நான் பின்னால், எனக்குப் பின்னால் அண்ணன், ஹால்டா, லீனா. பிறகு ஒவ்வொருவராக ஊர் முழுக்க ஏறி வந்தது, பேச்சே இல்லாமல். ஆட்டம் முழுக்க ஓடிய கால்கள் கெஞ்சின. ஒரு மொச்சைகூடச் சிந்தாமல் மிர்கோ ஏறினார். உச்சியை அடைந்தபோது அந்தப் பக்கத்து மேற்குக் கடலுக்கு மேலே சூரியன் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. கப்பல் இரண்டாம் முறை ஊதியது.

புல்லில் உட்கார்ந்தேன். அவர் முழங்காலிட்டுத் தட்டை என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு எழுந்து, ஊரைப் பார்த்துத் தன் முழங்கையைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் சாப்பிட்டேன். உப்பைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஒன்று விடாமல் சாப்பிட்டேன், சூரியனைப் பார்த்துக்கொண்டே.

துறையில் அவர் மகளை என்னிடம் கூட்டிவந்தார். "பெல்ஸ்கா வரைக்கும் உங்ககூட உக்காந்துக்கட்டும்," என்றார். அவளுடைய பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் நகரும்வரை நின்றார். சனிக்கிழமைக் கப்பல் ஓர்சேயிலிருந்து புறப்படுவது அதுதான் கடைசி.

கரை மறைந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் லீனா கேட்டாள்: "எங்கப்பா கையிலதான் பட்டுச்சா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க ஊதினது சரிதான்," என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளை அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். நாளைக்கே அதே பந்து அதே கையில் பட்டாலும் ஊதத்தான் ஊதுவேன்.